கடைசி ஒன்பது நிமிடங்கள்

ஜூன் 8, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து வெளியே வருகையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. சிறையில் இருக்கும் பெண்களுக்கு நான் தப்பித்து ஓடும் படம் காட்டுகிறேனாம். இது தவறு. நான் காட்டும் படத்தில் யாரும் தப்பிப்பதில்லை. கதாநாயகன் தண்டனையை முழுதாக அனுபவித்து, கையெழுத்துப் போட்டு, வாசல் வழியாக வெளியே வருகிறான். சுரங்கம் கிடையாது. கயிறு கிடையாது. சாவியை யாரும் திருடுவதில்லை. முழுப் படத்தையும் பார்த்த பிறகுதான் கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டேன். பேசுகிறவர்களில் ஒருவர்கூடப் படத்தைப் பார்க்கவில்லை.

மார்செலின் மட்டும் நேரே கேட்டாள். பக்கத்து வீடு, நேரே கேட்பது அவளுடைய ஒரே நற்குணம்.

"ஏன் ஹில்டாக்கா, ஜெயில்ல கெடக்கவளுகளுக்கு ஜெயில் படத்தயே போட்டுக் காட்டணுமா? வேற படமா இல்ல?"

"நீ குடும்பத்துல இருந்துக்கிட்டு குடும்பப் படம் பாக்கலையா?" என்றேன்.

இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன். தியேட்டர்காரர் பெண்டாட்டிக்குச் சினிமாப் பைத்தியம் இல்லாமல் போகுமா என்கிறார்கள். அவர் தியேட்டர் நடத்திய காலம் முழுவதிலும் நான் அங்கே முழுதாகப் பார்த்த படங்கள் நான்கு. சினிமா வீண்பொழுது என்று கான்வென்ட்டில் சொன்னார்கள், நான் நம்பினேன். இந்தப் படத்தையும் ஆபாசம் ஏதும் இருக்கிறதா என்று சோதிக்கத்தான் ஏப்ரலில் உட்கார்ந்தேன். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த கிளாட்வின் எடுத்த படம். சிறைப்பணிக் குழுவுக்கு அவனே பென்டிரைவில் கொடுத்தான். படம் முடிந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. மோட்டாரை நிறுத்த மறந்து, மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் தெருவரைக்கும் போய்விட்டது. இந்த வீட்டில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

ஜூன் 9, திங்கள்

தொட்டிக்குப் புது வால்வு போட ஆள் வந்தார். பழையதைக் கழற்றி எடுத்துப் போகப் பார்த்தார். கேட்டு வாங்கி வைத்தேன்.

சனிக்கிழமை காட்டிய முதல் பகுதியைப் பற்றி எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாலையில் அறைகளைப் பூட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதால் வாரம் அரைமணி நேரம்தான் கிடைக்கிறது. ஒரு படத்தைத் துண்டு போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு வழியில்லை.

கதாநாயகன் காத்தவராயன் ஒரு பஸ் டிரைவர். முதல் அரைமணி நேரம் கேமரா அசைவதே இல்லை. தரையில் உட்கார்ந்தவரின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. வார்டர் வந்தால் அவருடைய முழங்கால்தான் தெரிகிறது. ஒவ்வொரு காட்சியிலும் மேலே கூரை. முற்றத்தில் எடுத்த காட்சியில்கூடச் சுவரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழேயே கிளாட்வின் சட்டகத்தை முடித்துவிடுகிறான். வீட்டில் நான் பார்த்தபோது மூச்சு முட்டியது. காரணம் விளங்க இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருந்தது.

உள்ளே இருக்கும் பேச்சித்தாய்க்கு ஒரு முறையே போதுமாயிருந்தது.

"வானத்தயே காமிக்க மாட்டேங்கானே மிஸ், இந்தப் படம் எடுத்தவன்?" என்றாள்.

"காசு மிச்சம் பிடிக்கான்" என்றாள் ஜமீலா. மேலப்பாளையத்துப் பெண். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

இரவு கிளாட்வினுக்குப் போன் செய்து, கேமராவை ஏன் கட்டிப்போட்டாய் என்று கேட்டேன்.

"அவரு டிரைவர்லா ஆன்ட்டி. ரோடு நகர்ந்துக்கிட்டே இருக்கிறதப் பாத்துப் பழகின கண்ணு. அந்தக் கண்ணு முன்னால ஒண்ணுமே நகராம வச்சேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்கிறான். நான் போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

இன்று காட்டிய பகுதியில் காத்தவராயன் சுவரோரம் படுத்திருக்கிறான். முகம் மட்டும் தெரிகிறது. வெளியே சாலையில் ஒரு பஸ் மேடேற முடியாமல் திணறுகிறது. கியர் மாற்றும் சத்தம். அவனுடைய இடது கை தானாக அசைந்து, இல்லாத கியரை மாற்றுகிறது. பஸ் ஏறிவிடுகிறது. அவன் சிரிக்கிறான். பஸ்ஸைக் கடைசிவரை காட்டுவதில்லை. வெளியுலகம் படத்துக்குள் நுழைவது இப்படித்தான்: கண்ணுக்கு எட்டுவதற்கு வெகுகாலம் முன்பே காதுக்கு எட்டிவிடுகிறது.

கூடத்தில் அறுபது பேர் இருந்தும் இருமல் சத்தம் இல்லை. அப்போது எங்கள் சிறைக்கு வெளியே உண்மையாகவே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"இது படத்துலயா, ரோட்டுலயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரோட்டுலதான். கோயில்பட்டி வண்டி. அவன்தான் இப்பிடி இழுத்து அடிப்பான்" என்றாள் பேச்சித்தாய்.

அவளுக்குக் கோயில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவள். கணவனைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை. அதைப்பற்றி நான் கேட்டதில்லை. கேட்பது என் வேலையுமில்லை. உறவினர்கள் பார்க்க வருவதை உள்ளே மனு என்கிறார்கள். அவளுக்கு மனு வந்து வருடக்கணக்காகிறது. சிவகாசியில் ஒரு மகள் இருக்கிறாள், வருவதில்லை.

கண்காணிப்பாளர் சங்கமேஸ்வரி என்னை அலுவலகத்துக்கு அழைத்து டீ கொடுத்தார். பேச்சித்தாய்க்குச் சில நாள் விடுப்பில் வெளியே போய்வரத் தகுதி இருக்கிறது. போய் ஒழுங்காகத் திரும்பி வந்தால், பின்னால் விடுதலைக்குப் பரிசீலிக்கும்போது அவளுக்கு நல்லது. ஆனால் அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள்.

"நீங்க சொன்னா கேப்பா மேடம். இந்தத் தடவையும் விட்டுட்டா, அப்புறம் அவளுக்கு வெளிய போற நெனப்பே செத்துப்போயிரும். நான் நெறைய பேரப் பாத்திருக்கேன்."

டீயில் சர்க்கரை அதிகம். ஆனாலும் அந்த அம்மாள் நல்லவர்.

ஜூன் 17, செவ்வாய்

பென்ஷன். கண் சொட்டு மருந்து. மகன் டொராண்டோவிலிருந்து கூப்பிட்டான், அங்கே காலை. சிறைக்குப் போவதை நிறுத்தச் சொன்னான். இணைப்பு சரியில்லை என்று வைத்துவிட்டேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

காத்தவராயனை வேனில் ஏற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறார்கள். படத்தில் கேமரா முதல் முறையாக நகரும் இடம் இது. நகர்வதுகூட வேன்தான், கேமரா அதன் உள்ளே அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலைக் காட்டுவதில்லை. சாலையைக் காட்டுவதில்லை. கம்பி வலை வழியாக விழும் வெயில் அவன் முகத்தில் ஓடுகிறது. வெளிச்சம், நிழல், வெளிச்சம், நிழல். ஐந்து நிமிடத்துக்கு இதுதான் காட்சி. ஏப்ரலில் நான் இதை அழகு என்று மட்டும் நினைத்தேன்.

கூடத்தின் நடுவிலிருந்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "புளியமரம்."

அடுத்த நிழலுக்கு இன்னொருத்தி: "அதுவும் புளியமரந்தான்."

நீளமாக ஒரு இருட்டு வந்தது. "பாலம்" என்று நாலைந்து பேர். கட்டம் கட்டமாக வெளிச்சம் வந்தபோது, "ஆத்துப் பாலம் ஏ, கைப்பிடிச் சொவரு பாரு" என்றாள் ஜமீலா. அப்புறம் வெளிச்சம் அசையாமல் நின்றது. தூரத்தில் மணிச்சத்தம். அறுபது பேரும் ஒரே குரலில், "ரயில் கேட்டு!"

ஊர் முழுவதையும் ஒரு மனிதனின் கன்னத்தில் வாசித்துவிட்டார்கள். இவர்கள் எல்லாருமே அப்படி ஒரு வேனில் உட்கார்ந்து நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தவர்கள். கிளாட்வின் இதைத் தெரிந்து எடுத்தானா, தற்செயலா என்று எனக்குத் தெரியாது. பெரிய பேராலயங்களில் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழும்போது பேச்சு நின்றுபோகும் அல்லவா, எனக்கு அப்படி ஆயிற்று. புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடாக இருந்தது.

காட்சியின் முடிவில் வேன் நிற்கிறது. அவன் முகத்தில் ஒரு மரத்தின் நிழல். இலைகள் அசைகின்றன.

"வேம்பு" என்றாள் பேச்சித்தாய். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

ஜூன் 25, புதன்

மழை. துணி காயவில்லை.

ஜூன் 28, சனி

படம் நிறுத்தப்பட்டது. காரணம் ஒரு விசில். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் நாளை பூசையில் வேறு மாதிரி சொல்வார்கள்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். நியாயமான கோரிக்கை. ஒலியைக் கூட்டினேன். எவ்வளவு கூட்டினேன் என்பதுபற்றி இப்போது கருத்து வேறுபாடு இருக்கிறது.

படத்தில் மாலை நேரம், முற்றம். வார்டர் விசில் ஊதி, "உக்காரு!" என்று கத்துகிறார். சிறையில் ஆட்களை எண்ணும்போது இரண்டிரண்டு பேராகக் குந்தி, தலையைக் குனிந்து, ஒவ்வொருவராக எண் சொல்ல வேண்டும். திரையில் விசில் ஊதியதுதான் தாமதம். சுவரில் சாய்ந்திருந்தவள், தோழியின் மடியில் தலைவைத்திருந்தவள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், எல்லாரும் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டிரண்டாகக் குந்தித் தலை குனிந்துவிட்டார்கள். முதல் வரிசைக்காரி "ஒண்ணு" என்றாள். அடுத்தவள் "ரெண்டு." எண் வரிசையாக நகர்ந்துகொண்டே போனது.

அதே நேரம் திரையில் காத்தவராயன் உட்காரவில்லை. நின்றபடி தலையை மெதுவாக நிமிர்த்துகிறான். இவ்வளவு காலம் தரையோடு கிடந்த கேமராவும் அவனோடு நிமிர்கிறது. சுவர் கீழே இறங்குகிறது, விளிம்பு வருகிறது, விளிம்பும் போகிறது. திரை முழுவதும் வானம். மேகம்கூட இல்லை. சத்தமும் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நமக்குக் கொடுக்காமல் வைத்திருந்த வானத்தை கிளாட்வின் மொத்தமாகக் கொட்டிவிடுகிறான்.

அதைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். அந்த நீல வெளிச்சம் அத்தனை தலைகள் மேலும் விழுந்தது. எண்ணெய் வைத்த தலை, நரைத்த தலை, பேன் தொல்லைக்கு ஒட்ட வெட்டிய தலை. நான் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்க்கத் தகுதியானதுதானா இது என்று தோன்றியது.

ஒருத்தி மட்டும் நிமிர்ந்திருந்தாள். குந்தியபடியே, வாய் லேசாகத் திறந்து, பேச்சித்தாய் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய எண் வந்தது. அவள் சொல்லவில்லை. எண்ணிக்கை அவளிடம் வந்து நின்றுபோயிற்று.

"ஏ, அது படத்துல உள்ளவன் ஊதுனது!" என்று ஜமீலா கத்தினாள். சிரிப்பு வெடித்தது. வருடக்கணக்கில் சிரிக்காதவர்கள்கூட ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் விசில் கூடத்தோடு நிற்கவில்லை. சமையல்கட்டில் இருந்தவர்கள் அடுப்பை விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவந்து குந்திவிட்டார்கள். வெளி வாசலில் இருந்த காவலர்கள் நேரங்கெட்ட நேரத்தில் எண்ணுகிறார்களே, ஆள் குறைந்துவிட்டதோ என்று அவசர மணியை அடித்தார்கள். சாம்பார் அடிப்பிடித்தது. கண்காணிப்பாளர் மூச்சிரைக்க வந்து புரொஜெக்டரின் ஒயரைப் பிடுங்கினார். முறையாக அணைக்காமல் ஒயரைப் பிடுங்குவது கருவிக்கு நல்லதல்ல என்று சொன்னேன்.

இன்னும் ஒன்பது நிமிடங்கள் மிச்சம்.

ஜூன் 30, திங்கள்

நல்ல புடவை கட்டிக்கொண்டு சிறை அலுவலகத்துக்குப் போனேன்.

"மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும் மேடம்" என்றார் கண்காணிப்பாளர். "சினிமாப் போட்டு அலாரம் அடிச்சதுன்னு எழுதினா என் வேலை என்னாகும்?"

"விசிலில்லாத பகுதிதான் மீதி இருக்கு."

"உறுதியாத் தெரியுமா? விசில், மணி, சைரன், ஒண்ணும் கிடையாதா?"

உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்றேன். பார்ப்போம் மேடம் என்றார். பார்ப்போம் என்பது பதில் ஆகாது.

ஜூலை 2, புதன்

கதவைச் சாத்தி, மோட்டாரை நிறுத்தி, கடைசி ஒன்பது நிமிடங்களை மூன்று முறை பார்த்தேன். முதல் இரண்டு முறை சத்தத்துக்காக. விசில் இல்லை, மணி இல்லை. கதவுத் தாழ்ப்பாள் சத்தம் ஒன்று; சைக்கிள் பெல் ஒன்று, மெதுவானது.

மூன்றாவது முறை எனக்காக.

காத்தவராயன் தன் பழைய சட்டையைப் போட்டுக்கொள்கிறான். தொளதொளக்கிறது. வாசலை நோக்கி நடக்கிறான். இதுவரை கேமரா ஒரு தடவைகூடச் சிறையை விட்டு அவன் இல்லாமல் வெளியே போனதில்லை. ஆகவே இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று நினைக்கிறோம். அவன் பின்னாலேயே வெளியே வரும், அல்லது உள்ளேயே நின்று அவன் போவதைப் பார்க்கும். சின்னக் கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம். உடனே காட்சி மாறுகிறது.

கேமரா ஏற்கனவே வெளியே இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்பக்கம், நின்றுகொண்டிருக்கும் ஒருவரின் உயரத்தில். இடையில் சைக்கிள் போகிறது, ஒரு ஆடு போகிறது, கீரைக்காரி கூடையை இறக்கி வைத்து மாற்றித் தூக்குகிறாள். எத்தனை நேரமாக அங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது, அவசரப்படவில்லை. பெரிய சுவர், அதில் ஒரு சின்னக் கதவு, மேலே திரையில் முக்கால்வாசி வானம். கதவு திறக்கிறது. இவ்வளவு நேரமும் திரையை அடைத்துக்கொண்டிருந்த அந்த முகம் இப்போது கட்டைவிரல் அளவு. அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான். அப்புறம் நேரே பார்க்கிறான். நம்மை நோக்கி நடந்து வருகிறான்.

வசனம் கிடையாது. சங்கீதமும் கிடையாது. அவனுக்கு முன்னால் போய் அங்கே ஒருவர் நிற்கிறார். அதுமட்டும்தான் தெரிகிறது. யார் என்று காட்டுவதில்லை. அது நம் கண்.

இரவுச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. செபமாலையும் பாதியில் நின்றது.

ஜூலை 5, சனி

படம் இல்லாமல் போனேன். பாட்டுப் புத்தகங்கள் கொண்டுபோனேன். யாருக்கும் பாட்டில் மனமில்லை. ஆளுக்கொரு முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜமீலாவின் முடிவில் காத்தவராயன் சொந்தமாக மினிபஸ் வாங்கி, அந்த வார்டரிடம் டிக்கெட் கேட்கிறான்.

முடிவைச் சொல்லும்படி என்னைக் கெஞ்சினார்கள். படம் பார்க்காதவரிடம் முடிவைச் சொல்பவரை என் கணவர் தியேட்டருக்குள் விடமாட்டார். நானும் சொல்லவில்லை.

எல்லாரும் கலைந்த பிறகு பேச்சித்தாய் பாட்டுப் புத்தகங்களை அடுக்கித் தந்தாள்.

"மிஸ், கதையச் சொல்ல வேண்டாம். ஒண்ணே ஒண்ணு மட்டும். கடைசில அந்தக் கேமரா அவங்கூட வெளிய வருமா, உள்ளயே நின்னுக்கிடுமா?"

"ஏன் கேக்குற?"

"உள்ளயே நின்னா அவன் முதுகுதான் தெரியும். வெளிய போறவளுக முதுகெல்லாம் நான் நெறயப் பாத்தாச்சு. கூட வந்தாலும் வெசயமில்ல. வாசல்ல எறங்கி எடப்பக்கமா வலப்பக்கமான்னு தெரியாம அவன் முழிக்கத நானும் சேந்து முழிச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் லீவு வேண்டாம்ங்கேன். பெரியம்மா சொல்லுதாவ, போயிட்டு வாட்டீன்னு. எங்க போக?"

கண்காணிப்பாளரைத்தான் பெரியம்மா என்கிறாள்.

"என் வீட்டு முகவரியக் கொடுத்தா கையெழுத்துப் போடுவியா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு மிஸ் அந்தக் கேவலம்? கோயில்ல நாலு பேரு நாலு சொல்லுவாவ."

"நாலு பேர் இப்பவே நாப்பது சொல்றாங்க. அத நான் பாத்துக்குறேன்."

வெகுநேரம் புத்தகங்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சமப்படுத்தினாள். பிறகு, "மொதல்ல படத்த முடிங்க மிஸ். அவன் எங்க போய்ச் சேந்தான்னு பாக்கணும். பொறவு சொல்லுதேன்" என்றாள்.

அவள் கேட்ட இரண்டில் எதுவுமே இல்லை என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இதை நான் சொல்லி அவள் கேட்கக் கூடாது. பார்க்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்து முன்னறையைத் திறந்தேன். மெத்தையை வெயிலில் போட்டேன். ஜன்னல் கொண்டி இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட்டேன்.

"யாரு வாராவ அக்கா? மகனா?" என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள் மார்செலின்.

"இல்லை."

"பொறவு?"

"வந்தா நீயே பார்ப்ப. சும்மா நிக்காம இந்த மெத்தையோட அந்தப் பக்கத்தைப் பிடி."

பிடித்தாள்.

ஜூலை 7, திங்கள்

இன்று காலை நேரில் கொடுத்த விண்ணப்பத்தின் நகல்:

கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 28 அன்று நிறுத்தப்பட்ட திரைப்படத்தின் மீதியை மூன்று முறை பார்த்துச் சோதித்துவிட்டேன். அதில் விசில், மணி, சைரன் எதுவும் இல்லை. சைக்கிள் பெல் ஒன்று உண்டு. ஒலியை எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். பின்வரிசைக்குக் கேட்காவிட்டாலும் பாதகமில்லை, கடைசிப் பகுதியில் பேச்சே கிடையாது. வரும் சனிக்கிழமை அதைக் காட்ட அனுமதி வேண்டுகிறேன். தாங்களும் கூடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டுகிறேன்.

இரண்டாவதாக, ஆயுள் கைதி பேச்சித்தாய் விடுப்புக்குக் கையெழுத்திடுவதைப் படம் முடிந்த பிறகு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சம்மதித்தால், தங்குமிடமாக என் வீட்டு முகவரியைப் பதிவு செய்யலாம். பொறுப்பேற்பவராக என் பெயரை எழுதலாம். விசாரணைக்கு அலுவலர் எந்த நாள் வந்தாலும் நான் வீட்டில் இருப்பேன். தனி அறை இருக்கிறது.

மூன்றாவதாக, அப்படி அனுமதி கிடைத்தால், அவரை எந்த நாள், எத்தனை மணிக்கு வெளியே அனுப்புவீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கதவு திறப்பதற்கு முன்பே நான் அங்கே வந்து நிற்க வேண்டும். எனக்கு வயது எழுபத்தெட்டு, மெதுவாகத்தான் நடப்பேன்.

சென்ற முறை பார்ப்போம் என்று வாயால் சொன்னீர்கள். இம்முறை பதிலை எழுதித் தரவும்.

இப்படிக்கு,
ஹில்டா கொரைரா